மாளிகைமேட்டுச் சுவரின் உயரம்

"சுவர் எவ்வளவு உயரம்னு மட்டும் சொல்லுங்க மேடம், மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்றுதான் பேராசிரியரிடம் கேட்டேன். இன்று இல்லாத ஒரு சோழர் அரண்மனையைக் கணினியில் முப்பரிமாண மாடலாக எழுப்பும் வேலை எங்களுடையது. கேட்டதில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் தோன்றவில்லை. அவர் பதில்தான் மண்டையைக் குடைகிறது. "தெரியாதுன்னா தெரியாதுதான் தம்பி. தோராயமாவும் தெரியாது."

கங்கைகொண்டசோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் அரண்மனை நின்ற இடம் மாளிகைமேடு. தமிழகத் தொல்லியல் துறை 1980 முதல் அங்கே அகழாய்வு செய்திருக்கிறது. செங்கல் அடித்தளம் கிடைத்தது. கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் நிறையக் கிடைத்தன. ஆக, மரச்சட்டத்தின் மேல் ஓடு வேய்ந்த கூரை என்று தைரியமாகச் சொல்லலாம். கீழே இருந்தது தெரியும், உச்சியில் இருந்தது தெரியும், நடுவில்தான் சிக்கல். சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டு பெயர் சொல்கிறது. பெயரை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஆய்வுக் கட்டுரையில் "மாடி இருந்திருக்கலாம்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். மென்பொருள் எண் கேட்கும். விஆர் (மெய்நிகர்) கண்ணாடி மாட்டிக்கொண்டு மாடலுக்குள் நடப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், அங்கே ஏதாவது இருந்தாக வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து மரவேலையைச் செய்து காட்டினேன். "ராஜேந்திரனுக்கு ஐந்நூறு வருஷத்துக்கு மேல பிந்தினது இது" என்றார். உண்மைதான். ஆனால் சோழர் அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லையே, நான் எதைப் பார்ப்பது?

சான்று உள்ள பகுதிக்கு மட்டும் வண்ணம், மற்றதெல்லாம் சாம்பல் என்பது அவர் யோசனை. பழங்காலத்தைக் கணினியில் காட்டுவதற்கான நெறிமுறையான 2009ஆம் ஆண்டின் லண்டன் சாசனமும் எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. அப்படியே ஒரு பதிப்பு செய்தேன். முழங்காலுக்கு மேல் எல்லாம் சாம்பல். பணம் கொடுப்பவர்கள் பார்த்துவிட்டு, "வேலை இன்னும் முடியலையா?" என்றார்கள்.

கடைசியில் எல்லாவற்றுக்கும் வண்ணம், கூடவே ஒரு பொத்தான். அழுத்தினால் ஊகம் மட்டும் சாம்பலாகும். நல்ல சமரசம் என்றே நினைத்தேன், இன்னமும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன். மீதி நாட்களில், பார்க்க வந்த பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். அண்ணாந்து பார்த்தார்கள், "ராஜா எங்க தூங்குவாரு?" என்று கேட்டார்கள். நான் பார்த்தவரை ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை. அதற்காக, சாம்பல் சுவரைப் பார்த்து அந்தக் கேள்வி வந்திருக்குமா?

அப்புறம் ஒரு கூட்டத்தில் பேராசிரியரே அந்த வண்ணப் படத்தைத் திரையில் போட்டுப் பேசினார். ஊகம் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டதற்கு, "சாம்பலைப் போட்டா யாரும் கவனிக்க மாட்டேங்கறாங்க தம்பி" என்று சிரித்தார். நான் ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். எனக்கோ கோபம்தான் வந்தது. அவராவது பிடிவாதமாக இருந்திருக்கக் கூடாதா? நான் வளைந்ததே அவர் வளைய மாட்டார் என்ற நம்பிக்கையில்தானோ என்னவோ.

போன மாதம் ஒரு கட்டடக்கலை மாணவர் அந்தச் சுவரின் உயரத்துக்கு ஆதாரம் கேட்டு எழுதியிருந்தார். கோப்பைத் திறந்தேன். கேமரா கோணத்துக்குப் பொருந்தியதால் நாங்கள் வைத்த எண் அது. அப்படியே எழுதி அனுப்பினேன். "பரவாயில்லை சார், உங்க மாடலையே மேற்கோள் காட்டிக்கறேன்" என்று பதில் வந்தது.