பாட்டின் சொல் கேட்க வேண்டும்: பறைக் குழுவின் புதிய பருவத்துக்குச் சில குறிப்புகள்

மழை ஓய்ந்து தை பிறந்ததும் தன்னார்வ நாட்டுப்புற இசைக்குழுக்கள் மறுபடி தெருவுக்கு வரும். வாரநாளில் வேலையும் படிப்புமாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத் திடலுக்கும் நூலக வாசலுக்கும் தெருமுனைக்கும் போவார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பல நிகழ்ச்சிகளில் பறை நெஞ்சில் அதிர்கிறது, பாட்டின் சொல் முதல் வரிசையைக்கூடத் தாண்டுவதில்லை. நடவு நட்டவள் என்ன சொல்லிப் பாடினாள் என்பதுதான் அந்தப் பாட்டே. அது கேட்காமல் போனால் மீதி இருப்பது தாளம் மட்டும். அதனால் பருவத் திட்டத்தை இந்த ஒரு குறையிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் தோல். பறையின் சட்டம் பெரும்பாலும் வேம்பு போன்ற மரத்தில் மூன்று துண்டுகளாகச் செய்து, இரும்புப் பட்டை வைத்து இணைத்தது. அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் தோலை இழுத்து ஒட்டியிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் தொய்யும், பசை ஓரமாக விடும். பருவம் தொடங்க ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு பறையையும் விளிம்பைச் சுற்றி விரலால் தட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் ‘கிர்’ என்று சத்தம் வந்தால் அங்கே பசை விட்டிருக்கும், அல்லது பட்டையின் ஆணி தளர்ந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தோலுக்கும் மரத்துக்கும் நடுவே கீற்று தெரியும். பறையைச் செய்தவர் கைக்கே திருப்பி அனுப்புவதுதான் நல்லது. திருவிழா நெருங்கினால் அவர்களுக்கு நேரமே இருக்காது என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வைப்பதென்றால் சுவரில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், தரையில் அடுக்கினால் எலி கடிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டால் சட்டத்தின் இணைப்பே விரியும்.

தோல் இறுகத் தீயில் காட்டிக் காய்ச்சுவதைப் புதியவர்கள் கையில் விட வேண்டாம். வைக்கோலோ காய்ந்த சருகோ போட்டு எழுப்பும் தீ போதும், கட்டை அடுக்கி மூட்டும் தணல் வேண்டாம். தோலைத் தீயின் பக்கம் காட்டி, ஒரு முழத் தூரத்தில், நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றால் அந்த இடம் மட்டும் இறுகி, அடுத்த அடியில் கிழியும். அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் பசைக்கும் ஆகாது. அடித்துப் பார்க்கையில் ‘தொப்’பென்று இருந்த ஒலி ‘டங்’கென்று திறந்ததும் எடுத்துவிட வேண்டும். மாலைப் பனியில் அரை மணி நேரத்திலேயே மறுபடி இறங்கும் என்பதால் நிகழ்ச்சியின் நடுவில் பறை இல்லாத ஒரு பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் காய்ச்சிக்கொண்டு வந்துவிடலாம். திருகாணி வைத்த செயற்கைத் தோல் பறைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, தூறலிலும் தாங்கும். ஆனால் அவற்றின் ஒலி கூர்மையாக வெட்டும். பாட்டோடு சேரும்போது அது குரலை இன்னும் மூடுகிறது என்பது என் காது சொல்லும் தீர்ப்பு.

இப்போது சொல் கேட்காத சிக்கலுக்கு வருவோம். பறைக்குப் பின்பக்கம் மூடி இல்லை. ஒலி முன்னாலும் பின்னாலும் பாயும். சட்டத்தின் விளிம்புப் பக்கம் மட்டும் நன்றாகக் குறையும். திடலில் ஒருவரை அடிக்கச் சொல்லி அவரைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து பாருங்கள், உடனே தெரிந்துவிடும். அதனால் பாடகருக்குப் பின்னால் பறையை வரிசையாக நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மோசமான அமைப்பு. மொத்த ஒலியும் பாடகரின் பிடரியிலும் மைக்கிலும் போய் விழும். பறைகளை இரு பக்கமும் பிரித்து, விளிம்பு பாடகரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். மைக் பாடகருக்கு மட்டும் போதும். வாயிலிருந்து நான்கு விரற்கடைக்குள் பிடிக்க வேண்டும். பறைக்கு மைக் வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். ஸ்பீக்கர் பாடகருக்கு முன்னால், கூட்டத்தின் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கட்டும். பின்னால் வைத்தால் மைக் அதையே வாங்கிக் கீச்சிடும்.

நிறுத்துவதைவிட அடிப்பதில்தான் வேலை அதிகம். ஐந்து பறை இருந்தால் அடியெடுக்கும்போதும் பல்லவியைக் கூட்டமே திருப்பிப் பாடும்போதும் ஐந்தும் முழங்கட்டும். சரணம் தொடங்கியதும் ஒரு பறை, ஒரு ஜால்ரா. அந்த ஒரு பறையும் சிம்புக்குச்சியை விட்டு அடிக்குச்சியை மட்டும் மெல்ல வைக்க வேண்டும். இடக்கையில் பிடிக்கும் அந்த நீண்ட மூங்கில் குச்சியின் படபடப்புதான் ச, த, க போன்ற எழுத்துகளைத் தின்கிறது. வலக்கையின் கட்டைக் குச்சி தரும் கனத்த அடி குரலுக்குக் கீழேயே தங்கிவிடும்.

ஒத்திகையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பாட்டு தெரியாத ஒருவரை ஐம்பது அடி தள்ளி, முதுகு காட்டி உட்கார வைத்து, காதில் விழும் சொற்களை எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் ஒன்று புரியும்: வரியின் கடைசிச் சொல்தான் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். பாடகர் வரியை முடிக்கும் முன்பே அடிப்பவர்கள் வரிகளின் இடைவெளியை நிரப்பும் அடிக்குத் தாவிவிடுகிறார்கள், அதுதான் காரணம். கடைசி எழுத்து முடிந்த பிறகே கை எழ வேண்டும் என்று பழக்குங்கள். நான்கைந்து ஒத்திகையில் சரியாகிவிடும்.

வேகம் ஏறுவது இன்னொரு தொல்லை. கும்மிப் பாட்டு நிமிடத்துக்கு 90 தட்டில் தொடங்கி, முடிகையில் 110-ஐத் தாண்டிவிடும். கைதட்டிச் சுற்றும் பெண்களால் அந்த வேகத்தில் குனிந்து நிமிர முடியாது. தாளத்தின் பொறுப்பை ஜால்ராக்காரரிடம் கொடுங்கள். மூத்த பறைக்காரரும் அவரைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். சுருதியும் இதேபோல மேலே நழுவும். திறந்த வெளியில் தன் குரல் தனக்கே கேட்காததால் எல்லோரும் கத்துவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் சுருதிப் பெட்டியைக் காதருகே வைத்துத் தொடக்க ஒலியை வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு ஒன்றரைக் கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டை சுருதி என்று பழகிய குழுவில் நடுவில் ஏதோ ஒரு கட்டையைப் பிடித்தால் இருவருக்கும் தொண்டை கட்டும். பாட்டுகளையே பெண்குரல் பாட்டு, ஆண்குரல் பாட்டு என்று பிரித்துவிடலாம்.

ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு எட்டுப் பாட்டு தாராளம். தொடக்கப் பறை முழக்கம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அது முடிந்த கையோடு தாலாட்டை வைத்தால் அதிர்ந்த காதுக்கு ஒன்றும் ஏறாது. நடுவில் ஒரு தெம்மாங்கோ கும்மியோ வந்து காதை இறக்க வேண்டும். ஒப்பாரியைக் கைதட்டல் வாங்கும் உருப்படியாகச் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. சேர்த்தே ஆக வேண்டுமென்றால் பறையை முற்றிலும் நிறுத்தி, யார் யாருக்காகப் பாடுவது என்று இரண்டு வரி சொல்லிவிட்டுப் பாடுங்கள்.

அரசின் சட்டவிதிகள் பற்றிச் சுருக்கமாக. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். இடத்தை முடிவு செய்யும் முன் இதை விசாரியுங்கள். ‘மைக் இல்லையே, ராத்திரி அடிக்கலாமே’ என்று நினைப்பவர்கள் கவனிக்க: 2010 திருத்தத்துக்குப் பின் இரவு 10 முதல் காலை 6 வரையிலான தடை இசைக்கருவிகளுக்கும் பொருந்தும். பாட்டுரிமையில் ஓர் ஆறுதல் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தொழில்முறை அல்லாத மன்றங்கள் கட்டணம் வாங்காமல் பாடுவதற்கு விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டால் அந்த விலக்கு போய்விடும்.

பங்குனி, சித்திரையில் கோயில் கொடை விழாவுக்கு இலவசமாக வாருங்கள் என்று அழைப்பு வரும். தயவுசெய்து போகாதீர்கள். அந்த இரண்டு மூன்று மாத வருமானத்தை நம்பித்தான் தொழில்முறைக் கலைஞர்கள் வருடத்தை ஓட்டுகிறார்கள். நாம் சும்மா அடித்தால் அவர்கள் கூலி விழும். கூலி இல்லாமல், மறுக்கவும் முடியாமல் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களின் கருவி இது. அதை இலவசப் பொருளாக்கும் உரிமை ஆசைக்குக் கற்றவர்களுக்கு இல்லை. அழைப்பவர்களிடம் ஒரு தொழில்முறைக் குழுவின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் குழுவுக்கு அடி சொல்லித் தரும் ஆசானுக்கும் பருவத் தொடக்கத்திலேயே தொகை பேசி, முதல் பணமாக அதைக் கொடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டத்திலிருந்து யாராவது ஒரு பாட்டி வந்து, ‘எங்க ஊர்ல இந்தப் பாட்டு இப்படி இல்லப்பா’ என்பார். பறையை மூட்டை கட்டும் அவசரத்தில் அவரைப் ‘பிறகு பேசலாம்மா’ என்று அனுப்பிவிடாதீர்கள். ஒருவர் இதற்கென்றே நிற்கட்டும். சத்தத்திலிருந்து தள்ளிக் கூட்டிப்போய், ஒருமுறை இயல்பாகவும் ஒருமுறை மெதுவாகவும் பாடச் சொல்லி, அனுமதி கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார்கள், பெயரைச் சொல்லிப் பாடலாமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். அன்றிரவே எழுதி வையுங்கள், அவர் சொன்ன வழக்குச் சொல்லை மாற்றாமல்.