மாமாட புல்லுக் காணி

நேற்று தம்பலகாமத்தில மாமாட காணிக்குப் போனன். மாட்டுக்கு நட்ட சீஓ-3 புல்லு, நாலு வருசமா உழவே இல்ல, வெட்ட வெட்டத் தளிர்க்குது. மண்வெட்டியால ஒரு கொத்துப் போட்டா மண் பொலபொலவெண்டு, மழை மணம். (அந்த மணமும் மண்ணில இருக்கிற பக்டீரியாட வேலைதான்.)

உழாததால வேரோட ஒட்டி வாழுற பூஞ்சை நூல்கள் அறுபடாது. வேர் சீனி குடுக்கும், பூஞ்சை பதிலுக்குப் பொஸ்பரசு கொண்டுவரும். சில பக்டீரியா காற்றில உள்ள நைதரசனையும் பிடிச்சுக் குடுக்கும். அமெரிக்காவில எரிபொருளுக்கு வளர்க்கிற சுவிட்ச்கிராஸ், மிஸ்காந்தஸ் புல்லுக்குக் கீழயும் இதே கொடுக்கல் வாங்கல்தான். நாங்கதான் போகத்துக்குப் போகம் உழுது அந்த வலையைப் பிய்க்கிறம்.

மாமாட்டச் சொன்னன். "அதெல்லாம் சரி மருமகன், அந்தப் புல்லுக்கட்டைத் தூக்கி மாட்டுக்குப் போடு" எண்டார்.