முதலில் முதல்: சைகோன் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 6, வியாழன்

திருச்சியிலிருந்து நேர் விமானம். எங்கள் ஆங்கிலப் பயிற்சி மையத்தை வியட்நாமிலும் தொடங்க வந்திருக்கிறேன். நகரத்தின் பெயர் ஹோ சி மின். ஆனால் டாக்ஸிக்காரர் முதல் வக்கீல் வரை எல்லோர் வாயிலும் சைகோன்தான். டெட் புத்தாண்டு முடிந்து இந்த வாரம்தான் அலுவலகங்கள் திறந்திருக்கின்றன. எங்கள் வக்கீலின் அலுவலகத்துக்குள் நான் நுழைந்தபோது வக்கீல் அம்மா தன் ஆட்களுக்கெல்லாம் சிவப்பு உறை கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. உள்ளே மடிப்பு கலையாத 20,000 டாங் நோட்டு. நம் பணத்தில் எழுபது ரூபாய் கூட இல்லை, ஆனாலும் பொங்கல் காசு வாங்கிய சந்தோஷம்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி, என் வயது. இங்கே வயது தெரியாமல் பேச்சையே தொடங்க முடியாது. 'நான்', 'நீங்கள்' என்பதற்கெல்லாம் அண்ணன், அக்கா, தம்பி என்று உறவுப் பெயர்தான் வரும். அவரைவிட இரண்டு வயது இளையவன் என்று தெரிந்ததும் தம்பி ஆகிவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

அத்தான் போன் பண்ணினார். "ஃபைல் எங்க நிக்குது மாப்ள?"

ஃபைல் நின்ற இடத்தில்தான் நிற்கிறது, அலுவலகம்தான் நகர்ந்துவிட்டது. முதலீட்டுப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்த திட்டத் துறையை நிதித் துறையோடு சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டு ஆசிரியருக்குப் பணி அனுமதி தரும் தொழிலாளர் துறை உள்துறைக்குள் போய்விட்டது. எல்லாம் இந்த மாதம் முதல். வக்கீல் அம்மா கொஞ்சமும் அசரவில்லை. பழைய விண்ணப்பத்தில் துறையின் பெயரை மட்டும் மாற்றி மறுபடியும் அச்செடுக்கச் சொன்னார்.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்குத்தான் உண்மையான கணக்கு தெரிந்தது. வியட்நாம் 2007-ல் உலக வணிக அமைப்பில் சேர்ந்தபோது கொடுத்த வாக்குப்படி, 2009 முதல் ஆங்கிலப் பயிற்சி மையத்தை முழுக்க முழுக்க வெளிநாட்டுக்காரரே நடத்தலாம். உள்ளூர்க் கூட்டாளி தேவையில்லை. இவ்வளவையும் திருச்சியிலேயே படித்துவிட்டு வந்திருந்தேன். கல்வியில் வெளிநாட்டு முதலீட்டுக்கான 2018-ஆம் ஆண்டின் 86-ஆம் அரசாணையை மட்டும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

"ஒரு மாணவருக்கு இரண்டு கோடி முதலீடு காட்ட வேண்டும்" என்றார் வக்கீல் அம்மா. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்புறம்தான் டாங் என்று உறைத்தது. சுமார் 68 ஆயிரம் ரூபாய். கட்டடம் கட்டாமல் வாடகைக்கு எடுத்தால் அதில் 70 சதவீதம் போதும். 60 பேருக்கு 84 கோடி டாங், அதாவது 28 லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் அதிகம். நிறுவனம் பதிவான 90 நாளுக்குள் அதற்கென்று திறந்த முதலீட்டுக் கணக்கில் பணம் வந்து சேர வேண்டும்.

திருச்சி தில்லைநகரில் முதல் மையம் தொடங்கியபோது எங்கள் கையில் இருந்தது மூன்று மாத வாடகை மட்டும்தான். முதல் பேட்ச் கட்டிய ஃபீஸில் நாற்காலி வாங்கினோம், இரண்டாவது பேட்சில் ஏசி. பிள்ளைகள் முன்கூட்டிக் கட்டும் பணத்தில் ஓடுவதுதான் எங்கள் தொழில். இங்கே அரசாங்கம் சொல்வது, முதலில் உன் பணத்தை வை.

ஏப்ரல் 24, வியாழன்

தலைக்கு மேல் ஹெலிகாப்டர்கள் கொடி தொங்கவிட்டுப் பறக்கின்றன. 30-ஆம் தேதி போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு விழா, அதற்கான ஒத்திகை. கீழே நாங்கள் மையத்துக்கு வீடு பார்த்துக்கொண்டிருந்தோம். இவ்வூர் வீடுகள் குழாய் மாதிரி: வாசல் நாலு மீட்டர், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். நாலு மாடிக்கும் ஒரே படிக்கட்டு, பின்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். வாடகை மலிவு, எனக்குப் பிடித்துவிட்டது. வக்கீல் அம்மா பின்சுவரைத் தட்டிக் காட்டி, "தீப்பிடித்தால் பிள்ளைகள் எப்படி வெளியே போவார்கள்?" என்றார். 2023 செப்டம்பரில் ஹனோயில் ஒரு குடியிருப்பில் 56 பேர் தீயில் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு தீயணைப்புத் துறை கையெழுத்து சுலபத்தில் கிடைப்பதில்லை. இரண்டு படிக்கட்டு உள்ள இடமாகப் பார்க்கிறோம். வாடகை ஒன்றரை மடங்கு.

ஜூன் 15, ஞாயிறு

குவாங் சுங் மென்பொருள் நகரம் அருகே ஒரு காப்பிக்கடை. டெஸ்டிங் வேலை பார்க்கும் எட்டுப் பேரைக் கூப்பிட்டுப் பேசினேன். மின்னஞ்சல் எழுதத் தெரிகிறது, போனில் வாடிக்கையாளரோடு பேசத்தான் பயம். எங்களுக்கு ஏற்ற கூட்டம். பாடத்திட்டம் காட்டினேன், எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறு மாத ஃபீஸை மொத்தமாகக் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி என்றதும் மேஜையே அமைதியாகிவிட்டது.

கடைசியில் ஒரு பெண் சொன்னார். அவர் அக்கா தன் பையனுக்காக ஒரு பெரிய ஆங்கிலப் பயிற்சி நிறுவனத்தில் இரண்டு வருட ஃபீஸை முன்பணமாகக் கட்டினாராம். கிளைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்தப் பணம் இன்னும் வரவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

இரவு அத்தானிடம் மாதா மாதம்தான் ஃபீஸ் வாங்க வேண்டும் என்றேன். "அப்ப சம்பளம் எதுல குடுப்ப?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஜூலை 2, புதன்

நேற்று முதல் நாடு முழுக்க மாவட்டங்களே கிடையாது. 63 மாகாணங்கள் 34 ஆகிவிட்டன. சைகோனோடு பக்கத்து மாகாணங்களான பின் யுவாங்கும் பா ரியா-வுங் தாவும் சேர்ந்துவிட்டன. போன வாரம் அடித்த பெயர்ப்பலகையில் 'மாவட்டம் 12' என்று பெரிதாக இருக்கிறது. பெயின்டர் சிரிக்கிறார், அவருக்கு இந்த மாதம் ஊர் முழுக்க வேலை.

செப்டம்பர் 19, வெள்ளி

வரப்போகும் இரண்டு ஆசிரியர்களின் எம்.ஏ. சான்றிதழ்கள் சென்னைத் தலைமைச் செயலகம், டெல்லி வெளியுறவுத் துறை, அங்குள்ள வியட்நாம் தூதரகம் என்று சுற்றி ஒருவழியாக வந்து சேர்ந்தன. இனி இங்கே மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை வாங்க வேண்டும்.

நவம்பர் 10, திங்கள்

உரிமம் கையில் வந்தபின் முதல் வகுப்பு. 60 இருக்கை, 11 பேர். எல்லோரும் ஒரு மாத ஃபீஸ் மட்டும் கட்டினார்கள். காப்பிக்கடைப் பெண்ணும் வந்திருந்தார். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறுவனத்தின் சிவப்பு முத்திரை இல்லை. மாடிக்கு ஓடிப்போய் எல்லா ரசீதுக்கும் குத்திக்கொண்டு வந்தேன்.

வகுப்பில் 'ஹவுஸ்' என்றால் 'ஹவ்' என்று நிறுத்திவிடுகிறார்கள். கடைசி மெய்யை விழுங்கும் பழக்கம். நம் ஊர்ப் பிள்ளைகளோ 'பஸ்ஸு' என்று ஒரு உகரம் ஒட்டுவார்கள். பதினைந்து வருடமாக அந்த உகரத்தை வெட்டித்தான் பிழைத்தேன், இப்போது விழுங்கியதைக் கக்க வைக்க வேண்டும். புதுப் பயிற்சிகள் எழுத வேண்டும். உள்ளூர் ஆசிரியை ஒருவர் இல்லாமல் முடியாது.

நவம்பர் 20, வியாழன்

இங்கே ஆசிரியர் தினம். பத்தே நாள் ஆன வகுப்பு, நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை. அத்தானுக்கு இரவு கணக்கு அனுப்பினேன். வரவு: 11 பேரின் ஒரு மாத ஃபீஸ், நாலு பூங்கொத்து. வைக்கச் சாடி இல்லாமல் தண்ணீர்க் கேனை வெட்டி வைத்திருக்கிறேன்.