களாப்பழ ஜாம்: இரண்டாவது தடவை கெட்டியாச்சு

ஆனி பிறந்ததிலிருந்து மூன்று ஞாயிறு, திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து மீஞ்சூர் போய் வந்துவிட்டேன். ஊரைத் தாண்டினால் வேலியோரம் களாப் புதர் இன்னும் இருக்கிறது. அது இருக்கிற வரைக்கும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள ஆசை.

முதல் ஞாயிறு பறிக்கவேயில்லை, பார்த்ததோடு சரி. களாவைக் கிள்ளினால் பால் வரும். மஞ்சள் அரளியிலும் பால்தான் வரும். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் அரளி கொல்லும் விஷம். "பாலைப் பாத்து ஏமாறாத கண்ணு, முள்ளப் பாரு" என்றார் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா. அரளிக்கு முள்ளே கிடையாது, இலை ஒல்லியாக மாறி மாறி வரும். களாவில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், கணுவில் விறைத்த முள். பூ வெள்ளை, மல்லி வாசம். நான்கும் ஒத்துப்போன பிறகுதான் ஒரு பழத்தை வாயில் போட்டேன். புளிப்பும் இனிப்பும் கலந்து, உதட்டில் பிசுபிசுப்பு.

இரண்டாம் வாரம் கறுத்துப் பழுத்ததை மட்டும் தேர்ந்து பறித்து ஜாம் கிண்டினேன். முக்கால் மணி நேரம் கொதித்தும் பாகு மாதிரி ஓடியது. ஜாமை இறுக வைக்கும் பெக்டின் பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும், செங்காயில்தான் அதிகம்.

போன வாரம் அரைக் கிலோவில் பாதி செங்காய், பாதி பழம். இலையில் சாம்பலோ தூசியோ படிந்திருந்த புதர்களைத் தொடவில்லை. கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கினால் பால் ஒட்டாது. புளிப்பு அதிகம் என்பதால் எவர்சில்வர் சட்டிதான். ஒரு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, சல்லடையில் மசித்துக் கொட்டையை எடுத்தேன். கருஞ்சிவப்பு விழுது இரண்டு கப் வந்தது, சர்க்கரை ஒன்றரை கப். இருபது நிமிடத்தில் கரண்டியிலிருந்து சொட்டாமல் திரைபோல் விழ ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜில் வைத்திருந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினேன், மேலே சுருக்கம் விழுந்தது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். காலையில் தோசைக்குத் தொட்டுக்கொண்டோம், சட்னி அப்படியே இருந்தது.

மிஞ்சிய பச்சைக்காயைக் கீறி, உப்பும் மஞ்சளும் போட்டு ஜாடியில் வைத்திருக்கிறேன். இன்றோடு மூன்று நாள். தோல் சுருங்கிவிட்டது, துவர்ப்பு மட்டும் இன்னும் போகவில்லை. போனதும் மிளகாய்த்தூளும் வெந்தயமும் சேர்த்துத் தாளிக்க வேண்டும்.