உங்கள் பெயரில் என்ன கடிதம் வருகிறது?

2019 முதல் இரண்டரை வருடம் கிழக்கு லண்டனில் ஒரு சிறிய ஆலோசனை மையத்தில் இருந்தேன். பிரெக்சிட்டால், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், அங்கே இருந்த ஒன்றியக் குடிமக்கள் வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்த காலம். சட்ட விஷயங்களைப் பதிவு பெற்ற ஆலோசகர் பார்ப்பார். படிவம் நிரப்புவதும் மொழிபெயர்ப்பதும் என் பாடு. போலந்துக்காரர்களும் ருமேனியர்களும் வருவார்கள் என்றுதான் நினைத்தேன். நம் ஆட்களும் நிறையப் பேர் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய், நெதர்லாந்து, பிரான்ஸ் கடவுச்சீட்டு எடுத்து, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவர்கள்.

2020 டிசம்பர் 31க்குள் வந்து குடியிருந்தவர்களின் உரிமையை ஒன்றியத்தோடு பிரிட்டன் செய்த விலகல் ஒப்பந்தம் காப்பாற்றியிருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2021 ஜூன் 30. ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் 'செட்டில்ட்', அதாவது நிரந்தர வதிவிடம்; குறைந்தால் தற்காலிகமான 'ப்ரீ செட்டில்ட்'. இருந்ததை நிரூபிக்க வேண்டும். வரி கட்டி வேலை செய்தவர் தேசியக் காப்புறுதி எண்ணைப் போட்டால் பெரும்பாலும் போதும்.

திண்டாடியது வீட்டோடு இருந்தவர்கள். கடைசி மாதத்தில் மகளுடன் ஓர் அம்மா வந்தார். நெதர்லாந்துக் குடியுரிமை. பன்னிரண்டு வருடமாக மகள் வீட்டில் சமையல், பேரப்பிள்ளைகள் எல்லாம் அவர் பொறுப்பு. வாடகை மருமகன் பெயரில், மின்சாரம் மகள் பெயரில், வங்கிக் கணக்கு நெதர்லாந்தில். காப்புறுதி எண்ணே கிடையாது.

"உங்கட பேரில ஏதும் கடிதம் வாறதா அம்மா?"

"எனக்கு ஆர் பிள்ளை கடிதம் போடப் போகினம்?"

மகளுக்குத்தான் அம்மாவின் சர்க்கரை வியாதி ஞாபகம் வந்தது. அடுத்த நாள் ஒரு மளிகைக்கடைப் பை நிறைய ஆஸ்பத்திரிக் கடிதங்கள் வந்தன. ஒற்றைத் தேதி உள்ள கடிதம் அந்த ஒரு மாதத்துக்குத்தான் சாட்சி. கண் பரிசோதனை, கால் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை என்று மேசையில் மாதவாரியாக அடுக்கினோம். 2018இல் மட்டும் பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை. ஊருக்குப் போயிருக்கிறார். கடவுச்சீட்டு முத்திரைகளைப் பார்த்து எண்ணினேன்: ஐந்து மாதம். ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் தொடர்ச்சி அறுந்திருக்கும். "நல்லூர்த் திருவிழா பாத்திட்டுப் போங்கோ எண்டு மறிச்சவை" என்றார். நல்லவேளை, முருகனைப் பார்க்காமல் வந்தார்.

அப்புறம் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஆப். போனின் உறையைக் கழற்றிக் கடவுச்சீட்டின் மேல் வைத்தால்தான் உள்ளே இருக்கும் சிப்பைப் படிக்கும். முகத்தை ஸ்கேன் செய்யும்போது திரையில் கலர் கலராக வெளிச்சம் மின்னும். அம்மா ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஐந்தாவது தடவை சரிவந்தது.

இன்னொரு குடும்பத்தில் நானே பிழைவிட்டேன். லண்டனில் பிறந்த பிள்ளை தானாகவே பிரிட்டிஷ் என்று பெற்றோர் சொன்னதை நம்பி, பிள்ளைக்கு விண்ணப்பம் போடவில்லை. பிறக்கும்போது தாய் தகப்பனில் ஒருவருக்காவது பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்திருக்க வேண்டும். ஆலோசகர் கோப்பைப் புரட்டியபோது கண்டுபிடித்ததால் தப்பியது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த அம்மாவுக்கு 'செட்டில்ட்' கிடைத்தது, மின்னஞ்சலில்.

"காட் எங்க பிள்ளை?"

அட்டை கிடையாது, எல்லாம் கணினியில்தான், யாராவது கேட்டால் இணையத்தில் ஒரு குறியீடு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் நம்புவதாக இல்லை. மின்னஞ்சலையாவது அச்சடித்துத் தரச் சொன்னார். இது உங்கள் அந்தஸ்துக்கு அத்தாட்சி அல்ல என்று அதிலேயே எழுதியிருந்தது. அதையும் வாசித்துச் சொன்னேன்.

"பரவாயில்லை, தாங்கோ" என்று வாங்கி நாலாக மடித்து, ஆஸ்பத்திரிக் கடிதங்களோடு அந்தப் பைக்குள் வைத்துக்கொண்டார்.