பாசிப்பயறுக்குச் சூடு நினைவிருக்குமா?

போன கத்திரி வெயிலில், நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த 12 மிளகாய் நாற்றுகளை வாங்கி மாடியில் வைத்தேன். இரண்டே நாளில் 9 சுருண்டுவிட்டன. தொட்டி ஓரத்தில் தானாக முளைத்திருந்த மிளகாய் மட்டும் வாடவே இல்லை. ஏன் என்ற கேள்வி விடவில்லை. இந்த வருஷம் பாசிப்பயறில் சோதித்துப் பார்த்தேன்.

முதல் முறை 45 டிகிரியில் ஒரு மணி நேரம். எல்லாமே பிழைத்தன. பாசிப்பயறு லேசில் சாகாது.

அடுத்து 50 டிகிரி, ஒன்றரை மணி நேரம். முளை ஒரு சென்டிமீட்டர் வந்ததும் ஈரத்துணியில் சுற்றி, ஜிப் பையில் போட்டு வெந்நீரில் அமுக்கினேன். சூடு இறங்க இறங்கக் கரண்டி கரண்டியாகக் கொதிநீர் ஊற்ற வேண்டும். தெர்மாமீட்டரைவிட்டு நகர முடியாது. 30 முளைகள் நேரடியாக 50 டிகிரிக்கு. இன்னொரு 30-க்கு முதலில் 40 டிகிரியில் 2 மணி நேரம், 2 மணி நேர ஓய்வு, பிறகு அதே 50.

மூன்றாம் நாள் துணியைப் பிரித்தேன். நேரடியாகச் சூடு பட்டவற்றின் வேர்நுனி கண்ணாடிபோல் ஆகிப் பழுப்பேறி, விரல் பட்டதும் வழுக்கிக் கழன்றது. பிழைத்தவை 4. பழக்கியவற்றில் 21! அவற்றின் வேரில் வெள்ளை மயிர்கூட அரும்பியிருந்தது.

மிதமான சூட்டிலேயே செடி வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. அவற்றில் எச்எஸ்பி 101, சூட்டில் கட்டிதட்டிய புரதங்களைப் பிரித்தெடுக்கிறது. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் இன்னொன்றும் தெரிந்திருக்கிறது: எச்எஸ்எஃப்ஏ2 என்ற புரதத்தின் வேலையால், டி.என்.ஏ. நூல்போலச் சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதங்களில் மீத்தைல் என்ற வேதிக் குறிகள் விழுகின்றன. சூட்டில் வேலை செய்த மரபணு அடங்கிய பிறகும் அவை சில நாள் நிற்கின்றன. நினைவு என்பது இதைத்தான்.

அது எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் இடைவெளி விட்டபோது 30-ல் 16 பிழைத்தன. நான்கு நாள் விட்டால் 6. அதே வயதுள்ள, பழக்காத முளைகளில் 5. வயதை ஒப்பிடாமல் விட்டிருந்தால் ஏமாந்திருப்பேன், வளர வளர முளையின் தாங்குதிறனே மாறுகிறது.

ஒரே தடவை செய்த கணக்கு இது, அதனால் மறுபடி ஊறப்போட்டிருக்கிறேன். இந்தத் தடவை இரண்டாம் நாளில் இன்னொரு முறை 40 டிகிரி காட்டி, நினைவு நீள்கிறதா என்று பார்க்கப் போகிறேன். புது மிளகாய் நாற்றுகளுக்கு இப்போது தினமும் காலை வெயில் ஒரு மணி நேரம்.