0.41 மோலார் மச்சான்

மச்சான் விருதுநகர் போய்ச் சேர்ந்துட்டாராம். பிரஷர் பார்த்தாராம், பயப்பட ஒண்ணுமில்லையாம். ஆனா இனிமே நம்ம வீட்டுல பச்சைத் தண்ணிகூட பல்லுல படாதாம்.

எல்லாம் பாப்பாவோட பதினொண்ணாங்கிளாஸ் கெமிஸ்ட்ரியால வந்தது. 5.85 கிராம் சோடியம் குளோரைடு (நம்ம சாப்பாட்டு உப்புதான்), 250 மில்லி கரைசல், மோலாரிட்டி என்னன்னு, அதாவது ஒரு லிட்டர் கரைசல்ல எத்தனை மோல் உப்பு இருக்குன்னு ஒரு கணக்கு. மோல்ங்கிறது துகள்களை எண்ணுற ஒரு அளவு, ஒரு மோல் உப்பு 58.5 கிராம். 58.5 ஆல வகுத்தா 0.1 மோல். கால் லிட்டருக்கு 0.1ன்னா ஒரு லிட்டருக்கு 0.4. முடிஞ்சுபோச்சு. இதோட எந்திரிச்சுப் போயிருக்கலாம். "நோட்டுல போட்டா மறந்துரும், செஞ்சு பார்த்தாத்தான் நிக்கும்"னு பெரிய வாத்தியார் மாதிரி அடுப்படிக்குள்ள போனேன் பாருங்க, சனி அங்க பிடிச்சது.

லாக்டவுன்ல கேக் செய்யுறேன்னு வீட்டம்மா வாங்கின தராசு இருக்கே (கேக்கைப் பத்திப் பேச வேணாம்), அதுல புள்ளி எல்லாம் கிடையாது. ஒண்ணு அஞ்சு காட்டும், இல்லாட்டி ஆறு காட்டும். ஆறு கிராம் கல்லுப்பு போட்டு, 250 மில்லி தண்ணியை அளந்து ஊத்தினேன்.

"அப்பா, தப்பு."

"என்ன தப்பு?"

"250 மில்லி தண்ணி ஊத்தக் கூடாது. உப்பைக் கரைச்சிட்டு, மொத்தமா 250 மில்லி கோடு வர்ற வரைக்கும்தான் ஊத்தணும். நீங்க செஞ்சது மோலாலிட்டி, அது கரைசல் அளவை வச்சு இல்லை, தண்ணி எடையை வச்சுப் பாக்குறது."

ரிக்கும் லிக்கும் நடுவுல இப்படி ஒரு பள்ளம் இருக்குறது அன்னிக்கு பிளஸ் டூ பரீட்சையில தெரிஞ்சிருந்தா நான் இன்னிக்கு எங்கேயோ இருந்திருப்பேன். சரி, கோடு போட்ட குடுவைக்கு எங்க போறது? பரண்ல இருந்து பாப்பா குடிச்ச பால் புட்டியையே இறக்கினோம். சரியா 250ல கோடு. மறுபடி ஆறு கிராம், கோடு வரைக்கும் தண்ணி. 0.41 மோலார். கல்லுப்புல ஈரம் இருக்கு, அதனால இதுவும் சரியில்லைன்னு பாப்பா சொன்னா. விட்டுட்டேன்.

அதை ஒரு தண்ணி பாட்டில்ல ஊத்தி மேசை மேல வச்சோம். மேசையில பாட்டிலைக் கண்டா பிரிட்ஜுக்குள்ள தள்ளுற வியாதி நம்ம வீட்டுல ஒருத்தருக்கு உண்டு. இதுவும் உள்ள போயிருச்சு.

மறுநாள் மத்தியானம் வேகாத வெயில்ல மச்சான் வந்தார். நேரா பிரிட்ஜ். அவர் வாய் வச்சுக் குடிச்சிருந்தா உதட்டுலயே தெரிஞ்சிருக்கும். அண்ணாந்து ஊத்துற ஆளாச்சே! நாக்குக்குத் தகவல் போறதுக்குள்ள ரெண்டு மடக்கு தொண்டையைத் தாண்டிருச்சு. கடல் தண்ணியில லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, இதுல 24. "மாப்ள, கொல்லப் பாத்தியேடா!"ன்னு அவர் வாஷ்பேசின்ல நிக்கிறார், பாப்பா மிச்சத்தைப் பால் புட்டியில ஊத்தி அளக்குறா.

"190 இருக்குப்பா. மாமா குடிச்சது 60 மில்லி. 1.44 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. பயப்படாதீங்க மாமா."

"மிச்சத்துல மோலாரிட்டி குறைஞ்சிருக்குமே?"ன்னு நான் சும்மா இருக்க முடியாமக் கேட்டேன்.

மச்சான்கூட துப்புறதை நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பாப்பாதான் சொன்னா, "குடிச்சா அளவுதான்பா குறையும். மோலாரிட்டி அதேதான்."

இந்த ரகளைக்கு நடுவுல அம்மா வந்துச்சு, புட்டியை வாங்குச்சு, கொதிக்கப்போற ரசத்துல கவுத்துருச்சு. உப்பைக் கீழ கொட்டக் கூடாதாம். மேல கொஞ்சம் கல்லுப்பை விரல்ல அள்ளிப் போட்டுச்சு. ரசம் அவ்வளவு கச்சிதம். மச்சானே மூணு தடவை ஊத்திக்கிட்டார், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே.

பாப்பாவுக்கு இது ஆறலை. சாயங்காலம் தராசைத் தூக்கிட்டு வந்து, "அப்பத்தா, குழம்புக்குப் போடுற ஒரு கை உப்பை இதுல போடுங்க"ன்னா. 14 கிராம். திரும்பப் போடச் சொன்னா, 14. மூணாந்தடவையும் 14. அம்மாவுக்கு எரிச்சல், "வேற சோலி இல்லையாடி உனக்கு?"

அப்புறம் இவ தன் கையால அள்ளிப் போட்டா. 23.

அம்மா அவ கையைப் பிடிச்சு விரிச்சு, கொஞ்ச நேரம் பார்த்துச்சு. "உங்க தாத்தா கைடி இது. அந்த மனுசன் உப்புப் போட்ட அன்னிக்கு இந்த வீட்டுல ஒருத்தர் சோறு தின்னதில்லை"ன்னு சொல்லி, அந்த 23ல பாதியை ஜாடியில திருப்பிப் போட வச்சுச்சு.